முப்பது விநாடி வெளியாள்

கிர்ர்ர்ரென்று மணி அலறியது. ஆர்வில் தோர்ஸ்கார்ட் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டார்.

ஜனநாயகம் என்பது வேறொன்றுமில்லை, அந்த மணிதான். ஏதென்ஸ் நகரத்து ஞானிகளுக்கு இது தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் சாக்ரடீஸ் முப்பது விநாடியில் பேச்சை முடித்துக்கொண்டு உயிரோடு வீடு திரும்பியிருப்பார்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓர் ஓட்டலின் விருந்துக் கூடத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மறுநாள், எங்கள் கட்சியில் அதிபர் வேட்பாளராகத் துடிக்கும் ஏழு பேருக்கும் தொலைக்காட்சி விவாதம். கருத்துக்கணிப்பில் முதலில் இருப்பவருக்கு மேடையின் நடு இடம். ஆதரவு குறையக் குறைய ஓரம். எங்கள் ஆர்விலுக்கு ஒரு சதவீதம். அவருக்கு ஒதுக்கிய இடத்திலிருந்து கையை நீட்டினால் கழிப்பறைக் கதவைத் தொடலாம்.

ஆர்வில் அரசியல் வாசனையே அறியாதவர். செப்டிக் டேங்க் லாரி வைத்திருந்ததால் மற்ற வாசனைகள் எல்லாம் அறிந்தவர். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். அவருடைய அக்கா மகள் ட்வைலா, தொண்ணூறு மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்த லாரியிலேயே பிள்ளை பெற்றாள். இப்போது மறுபடியும் நிறைமாதம். இதை நாடே கேட்கவேண்டும் என்றுதான் ஆர்வில் கிளம்பினார்.

நல்ல காரணம்தான். ஆனால் காரணம் இருப்பவர்கள் ஜெயிப்பதில்லை. ‘வியூகம்’ இருப்பவர்களே ஜெயிக்கிறார்கள். ஆகவே பிளெய்ன் கெஸ்லரை வரவழைத்தோம். அரசியலுக்குச் சம்பந்தமே இல்லாத ‘வெளியாள்’ வேட்பாளர்களைத் தயாரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முப்பது வருஷமாகத் தலைநகர் வாஷிங்டனை விட்டு வெளியே கால் வைக்காமல் வெளியாட்களைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்.

முதல் வேலையாக ஆர்விலின் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். “இது நெஜமாவே பழசு. டிவில பார்த்தா போலியாத் தெரியும்.” புது பூட்ஸ் வந்தது. நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதைப் பழசாக்கிக் கொடுத்தார். அடுத்து, ‘திடீரென்று தோன்றிச் சொல்லவேண்டியவை’ என்று ஒரு கட்டுத் தாள். ஆர்வில் அதை மனப்பாடம் செய்தார். தடுமாறவேண்டிய இடங்களில் பிழையில்லாமல் தடுமாறவும் கற்றுக்கொண்டார்.

ஒத்திகையில் எனக்கு ஆளுநர் விட்லாக் வேஷம். எங்கள் மாநில ஆளுநர், பிரசவ வார்டை மூடியவர், மேடையின் நடு இடத்துக்காரர். ஆர்விலின் பத்திரிகைத் தொடர்பாளனான எனக்கு இதைவிடப் பெரிய பதவி இனி வாய்க்காது.

“ஆளுநரே, எங்க ஊர் பிரசவ வார்டை…” என்று ஆர்வில் மறுபடி ஆரம்பித்தார்.

கிர்ர்ர்ர்.

“தப்பு,” என்றார் மணியை அடித்த பிளெய்ன். “அது ஒரு பிரச்சினை, ஆர்வில். அதுக்குத் தீர்வு வேற இருக்கு. தீர்வு இருக்கற பிரச்சினைய எவன் உக்காந்து கேப்பான்? கோபம் வேணும்.”

“கோபமாத்தானே சொன்னேன்?”

“ஒரே ஒரு வார்டு மேல. அதை எல்லாத்து மேலயும் மொத்தமாப் பண்ணுங்க.”

மூலையில் மக்காச்சோளம் கடித்துக்கொண்டிருந்த ஆர்விலின் அக்கா லோர்னா நிமிர்ந்தாள். “ஏம்ப்பா, என் மக வயிறு வாசல்ல வந்து முட்டுது. நீ இவனுக்கு மொறைக்கச் சொல்லிக் குடுக்கற. டேய் ஆர்வில், வார்டைப் பத்திச் சொல்லிட்டு எறங்குடா. அவ்வளவுதான்.”

“சொல்றேன்க்கா. என்னைப் பேச விடணும்ல?”

அங்கேதான் வியூகம் வருகிறது. ஓரத்தில் நிற்பவனை நெறியாளர் கேள்வி கேட்பதில்லை. ஆனால் மேடையில் யாராவது அவன் பெயரைச் சொல்லித் தாக்கிவிட்டால், பதில் சொல்ல முப்பது விநாடி தந்தாக வேண்டும். உலகின் மகத்தான குடியரசில் பேச்சுரிமை இந்த அழகில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

“யாராவது உங்க பேரைச் சொல்லணும்,” என்றார் பிளெய்ன். “அதுக்கு நீங்க குறுக்க பூந்து திட்டணும்.”

“யாரை?”

“பாரபட்சம் பாக்காதீங்க.”

மறுநாள் ஆர்வில் பாரபட்சம் பார்க்கவில்லை. வரியைத் திட்டினார், வரி வேண்டாம் என்றவரையும் திட்டினார். ஆனால் மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பிளெய்ன் இருந்தார். பெண் செனட்டர் ஒருவர், “கடைசியில் நிற்கும் அந்த நல்லவர்” என்றார். மேயர், “கதவுப் பக்கத்து நண்பர்” என்றார். பேராசிரியர் ஒருவர், “தென்கிழக்கிலிருந்து வரும் குரல்” என்று வானிலை அறிக்கையே வாசித்தார். பெயரை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுநர் விட்லாக் உணர்ச்சிவசப்பட்டார். “நான் உழைப்பவன். ஆர்வில் தோர்ஸ்கார்ட் மாதிரி சும்மா கூச்சல் போட எனக்குத் தெரியாது.”

அரங்கம் அதிர்ந்தது. ஆளுநருடைய பிளெய்ன் நாற்காலியோடு சாய்ந்தார்.

“மிஸ்டர் தோர்ஸ்கார்ட், முப்பது விநாடி,” என்றார் நெறியாளர்.

மேடைக்குப் பின்னால் லோர்னா என் மணிக்கட்டை நெரித்தாள். “சொல்லுடா… சொல்லுடா…”

ஆர்வில் பயிற்சிப்படியே தடுமாறினார். “நான்… வந்து… ஆளுநரே, ஆயுசு முழுக்க நான் செப்டிக் டேங்க் எறைச்சவன். அதுல கீழ போகப் போகத்தான் நாத்தம். உங்க அரசியல்ல மட்டும்தான் மேல போகப் போக நாறுது.”

சிரிப்பு. கைதட்டல். பால்கனியில் காலால் தரையை உதைத்தார்கள். எல்லாம் ஓய்ந்ததும் ஆர்வில், “எங்க ஊர் பிரசவ…” என்றார்.

கிர்ர்ர்ர்.

நாங்கள் கோட்டை எடுத்து மாட்டுவதற்குள் பதினோரு சதவீதம் வந்துவிட்டது. ‘மேல போகப் போக’ என்று அச்சடித்த பனியன்கள் வாசலில் விற்பனையாகின. நிருபர்கள் ஆர்விலிடம் உலக அமைதி பற்றிக் கருத்துக் கேட்டார்கள். அவரும் சொன்னார்.

கூட்டம் கலைந்தபோது நடைபாதையில் ஆளுநர் விட்லாக் தனியாக வந்து நின்றார். முகத்தில் பவுடர் வழிந்திருந்தது.

“ஆர்வில், கடைசில என்னமோ கேட்டீங்களே, பிரசவ வார்டா? தெறந்துடறேன். திங்கக்கெழமை டாக்டர், நர்ஸ் எல்லாம் வந்துடுவாங்க. அந்த நாத்த சமாச்சாரத்த மட்டும் விட்டுடுங்க.”

லோர்னா அங்கிருந்த ஒலிபெருக்கிப் பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். “ஒத்துக்கடா. சரின்னு சொல்லுடா.”

பிளெய்ன் ஆர்விலின் காதோரம் குனிந்தார். “வார்டு தெறந்துட்டா அடுத்த மாசம் மேடையில என்ன பண்ணுவீங்க? ஆளுநருக்கு நன்றி சொல்லுவீங்களா? உங்களுக்கு முன்னால இன்னும் ரெண்டே பேர். தாண்டிட்டா நீங்கதான் நடுவுல.”

ஆர்வில் யோசித்தார். சாதாரண மனிதன் ஒருவன் தேசத் தலைவனாக மாறும் அந்த அரிய காட்சியைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர் ஆளுநரின் கையைப் பிடித்துக் கம்பீரமாகக் குலுக்கி, “மேடையில பாப்போம்,” என்றார். ஆளுநர் போய்விட்டார்.

“அவளுக்கு இந்த வாரம்டா,” என்றாள் லோர்னா.

ஆர்வில் அவள் தோளில் பரிவோடு கை வைத்தார்.

“அடுத்த விவாதம் வரைக்கும் ட்வைலாவக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுக்கா.”