டிங்கர் அண்ணையின் தேசிக்காய்

சிட்னியில் இதுவரை கார் ஓட்டியவர்களிலேயே ஆக மெதுவாக ஓட்டியவர் எங்கள் டிங்கர் அண்ணைதான். இதைச் சாமி அறையில் நின்றும் சொல்வேன். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கம் ஒருநாள் அவருடைய காரில் போனபோது, நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா எங்களை முந்திப் போனார். போனவர் அடுத்த சந்தியில் நின்று, கார் பழுதா, தள்ளிவிடவா என்று கேட்டார்.

அடிபட்ட கார்களின் நெளிவெடுப்பது அவருடைய தொழில். அதனால்தான் டிங்கர் அண்ணை. சொந்தப் பெயர் விசாக் கடிதங்களில் மட்டும் இருந்தது. படகில் வந்து, வில்லாவுட் அகதிகள் தடுப்பு முகாமில் இருந்து, பிறகு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வாடகைக்கு வந்தவர். வந்த கிழமையே என்னைத் தங்கச்சி என்றார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. சரி, கடவுள் பின்வாசலால் ஒருவரை அனுப்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு அவரோடு போவது பெரிய யாத்திரை. முதலில் எல்லோருடைய பெல்ட்டையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். மடியில் வைத்திருக்கும் சர்க்கரைப் பொங்கல் சட்டியைப் பிடுங்கிப் பின்சீட்டில் வைத்து, அதற்கும் பெல்ட் கட்டுவார். காலைப் பூசைக்கென்று வெளிக்கிட்டால் மத்தியானம் நடை சாத்துகிற நேரத்துக்குப் போய்ச் சேருவோம். ஏன் அண்ணை இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"தற்காலிக விசாக்காரன் தங்கச்சி. பொலிஸிட்டையிருந்து ஒரு கடிதமும் எனக்கு வரக்கூடாது."

நியாயம்தான். ஆனால் நிரந்தர விசா கிடைத்த பிறகும் அவர் ஒரு கிலோமீற்றர்கூட வேகம் கூட்டவில்லை.

இப்படிப்பட்ட மனிதருடைய அறை வாசலில் ஒரு சனிக்கிழமை பெரிய ஹெல்மெட் ஒன்றைக் கண்டேன். மோட்டார் சைக்கிள் ஏதும் வாங்கிவிட்டாரோ என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இவர் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "அது ரேஸுக்கு. அண்ணை ஸ்டொக் கார் ஓட்டுறார். வருசக்கணக்கா ஓட்டுறார். உமக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமையே நானும் இவரோடு போய்ப் பார்த்தேன். நகரத்துக்கு வெளியே ஒரு வட்டமான மண் திடல். பழைய கார்களின் கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயில் கூடு கட்டி வைத்திருந்தார்கள். ஓட்டுபவர்கள் எல்லோரும் பிளம்பர், தச்சர், பஸ் ட்ரைவர் என்று கிழமையில் ஐந்து நாளும் வேலை செய்கிறவர்கள். கொடி அசைந்ததும் எங்கள் அண்ணை, சைக்கிளுக்கு வழிவிடுகிற அதே அண்ணை, புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தார். வளைவில் ஒரு சிவப்புக் காரை இடித்தார். இடிப்பது அங்கே சட்டப்படி சரியாம். நான் கண்ணை மூடிக் கந்தசஷ்டி சொல்லத் தொடங்கினேன். மூன்றாம் வரிக்குள் ரேஸ் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் விசித்திரம். அண்ணை ஹெல்மெட்டைக் கழற்றினார், சுத்தியலை எடுத்தார், நேரே சிவப்புக் காரிடம் போனார். சண்டை என்று நினைத்து இவரை உலுக்கினேன். அண்ணை அங்கே குந்தி இருந்து, தான் இடித்த நெளிவைத் தானே தட்டி எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிவப்புக் கார்க்காரன் பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்றான். ஒவ்வொரு கிழமையும் இப்படித்தானாம். இதனால் அண்ணையிடம் இடிவாங்கச் சிலர் ஆசைப்பட்டதாகவும், வேறெங்கோ பட்ட பழைய நெளிவுகளை அவர் கணக்கில் சேர்த்துவிட்டதாகவும் கேள்வி.

போரில் சாவுக்குத் தப்பி வந்த மனிதர் ஏன் வலியப் போய் இடிபடுகிறார்? இது எனக்கு விளங்கவே இல்லை. கேட்டேன்.

"பெல்ட் கட்டி, சட்டம் சொல்லித் தந்து, அம்புலன்ஸைப் பக்கத்திலை விட்டிட்டு இடிக்கிற இடம் உலகத்திலை இது ஒண்டுதான், தங்கச்சி. மற்ற இடமெல்லாம் சொல்லாமல்தான் இடிச்சவங்கள்."

அந்தச் சட்டத்தின் காவல் தெய்வம் டெபி. அறுபது வயது இருக்கும், ஆண்களைப் போல வெட்டிய தலைமுடி. ஒவ்வொரு காரையும் அவர் பரிசோதித்து ஒட்டுத்தாள் ஒட்டினால்தான் திடலுக்குள் இறக்கலாம். பெல்ட், சீட், பற்றறி எல்லாவற்றையும் இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். நான் அண்ணையின் காரில் வைத்த பித்தளைப் பிள்ளையாரையும் இழுத்தார். பிள்ளையார் கையோடு வந்துவிட்டார். கார் உருண்டால் உள்ளே கிடக்கிற சில்லறைக் காசும் கல்லாக மாறும், கழன்று பறக்கக்கூடியது எதுவும் உள்ளே இருக்கக்கூடாது என்று சொல்லி, மரியாதையாக என் கையிலேயே தந்தார். அண்ணையும் அவர் பக்கம்தான் தலையாட்டினார்.

அந்த வருடம் அண்ணை புள்ளியில் முதலாவதாக நின்றார். பதினொரு வருடமாக அவருக்கு ஒரு கோப்பையும் கிடைத்ததில்லை. கடைசி ரேஸை ஓடி முடித்தாலே போதும், எத்தனையாவதாக வந்தாலும் கோப்பை அவருக்குத்தான். அந்தக் கிழமை முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டு ஷோகேசில் இருந்த கண்ணாடிச் சாமான்களை ஒதுக்கி ஓர் இடம் விட்டிருந்தார். ஒரு கோப்பை நிற்கிற அளவு இடம்.

இத்தனை பேர் வாயைப் பிளந்து பார்க்கிற நேரத்தில் கண்ணூறு படாமல் இருக்குமா? டெபி இரும்பைப் பரிசோதித்தார், சரி. கண்ணூறை யார் பரிசோதித்தது? ஒட்டுத்தாள் ஒட்டியாகிவிட்டது, அண்ணை தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். கோயிலில் வைத்துக் கும்பிட்ட தேசிக்காய் ஒன்றுக்கு, அதுதான் எலுமிச்சங்காய், குங்குமம் தடவி, சீட்டுக்குக் கீழே இறுக்கமாகச் செருகிவிட்டு வந்தேன். பிள்ளையாரைத்தானே வேண்டாம் என்றார்கள், தேசிக்காயைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ரேஸுக்கு முன் எல்லாக் கார்களும் வரிசையாக மெதுவாக வட்டம் வரும். இரண்டாவது வட்டத்தில் அண்ணையின் கார் வரிசையை விட்டு விலகி நடுப்புல்லில் போய் நின்றது. ஒரு கை ஜன்னலுக்கு வெளியே உயர்ந்தது. எச்சரிக்கைக்கான மஞ்சள் விளக்கு எரிந்தது. அண்ணை இறங்கி நின்றார். உயர்த்திய கையில் என்னுடைய தேசிக்காய்.

வேலியோரம் நின்ற எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. செருகிய தேசிக்காய் கார் அதிர்ந்ததில் கழன்று, உருண்டு, பிரேக் மிதிக்குக் கீழே போயிருக்கிறது. வெளியே எறிந்துவிட்டு ஓடியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அண்ணை அதை டெபியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, பரிசோதனைக்குப் பிறகு காருக்குள் வந்த பொருள், தன்னுடையதுதான், தன் பிழைதான் என்று தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னார். டெபி தேசிக்காயில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என் விரலைப் பார்த்தார். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்தேன், தலைப்பும் சிவந்தது. டெபி என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். அந்த ரேஸ் அண்ணைக்கு இல்லை. கோப்பை சிவப்புக் காருக்குப் போனது. முதலில் கை தட்டியவர் அண்ணை.

திரும்பி வரும்போது வழமையான நடை வேகம். பாதி வழியில் எனக்கு அடக்க முடியவில்லை.

"அண்ணை, அது நான்தான் வைச்சனான்."

"தெரியும். சிட்னியிலை தேசிக்காய்க்குப் பொட்டு வைக்கிறது வேற ஆர்?"

"எறிஞ்சுபோட்டு ஓடியிருக்கலாமே. ஒருத்தரும் பார்க்கேல்லையே."

"ஒண்டு வெளியிலை வந்திட்டுது. இன்னும் எத்தினை வைச்சிருக்கிறியள் எண்டு எனக்கென்ன தெரியும்? எனக்கு மட்டும் எண்டால் ஓடியிருப்பன் தங்கச்சி. பிரேக் பிடிக்காட்டில் முன்னாலை போறவன்ர முதுகெல்லோ முறியும். அவனுக்கு ரெண்டு பெட்டைப் பிள்ளையள்."

பின்சீட்டில் இருந்த இவர் மெல்ல, "எத்தினை வைச்சனீர்?" என்று கேட்டார். ஒன்றுதான் என்று மூன்று தெய்வங்கள் மேல் சத்தியம் செய்தேன். அண்ணை சிரித்ததில் கார் இன்னும் மெதுவாகிவிட்டது.

ஷோகேசில் கண்ணாடிச் சாமான்கள் பழைய இடத்துக்கு வந்தன. அண்ணையே துடைத்து அடுக்கினார். நான்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் சமைக்கக் குசினிக்குப் போய்வந்தேன்.

அடுத்த பருவம் தொடங்கும் முன் அண்ணை பட்டறையில் தகரத்தை வெட்டி, தட்டி, ஒரு தேசிக்காய் செய்தார். காம்பும் உண்டு, தோலில் புள்ளிகளும் உண்டு. பச்சையும் மஞ்சளும் பூசி, இரும்புக் கூட்டில் வெல்டிங் பிடித்துவிட்டார். குங்குமம் வைக்க என்னைக் கூப்பிட்டார். டெபி வந்தார். இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைக் காரில் ஊன்றி இழுத்தார். அசையவில்லை. ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

போன வருடம் அண்ணை மெல்பேர்ணுக்குக் குடிபோனார். காரில்தான் போனார். ஒரே நாளில் போகிற தூரத்துக்கு அவருக்கு மூன்று நாள் பிடித்தது. கோப்பை இன்னும் கிடைக்கவில்லை. போகும் முன் இன்னொரு தகரத் தேசிக்காய் செய்து, எங்கள் காரில் ஸ்டியரிங் பக்கத்தில் ஆணி போட்டு முறுக்கிவிட்டுப் போனார்.

இப்போது ஹெலன்ஸ்பர்க்குக்கு நேரத்தோடு போய்விடுகிறோம். பூசை முழுவதும் பார்க்கிறோம். ஆனால் வெளிக்கிடும் முன் நான் அந்தத் தேசிக்காயை ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன். பிறகு இவரிடம், கொஞ்சம் மெதுவாகப் போங்கோ என்பேன்.