என் மனைவிக்காக நான் வைத்தியம் பார்த்துக்கொண்ட கதை

என் ஆயுளில் ஒரே ஒரு டாக்டரைத்தான் ஏமாற்றியிருக்கிறேன். ஏமாற்ற வேண்டும் என்று போகவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு போனேன். மற்றது தானாக நடந்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அருப்புக்கோட்டைப் பக்கம் பரளச்சியில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். வயது இருபத்து நாலு. வேலம்மாள் என் தாய்மாமன் மகள். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பள்ளியில் சுகாதாரப் பாடமும் என் பொறுப்புதான். மனித உடம்பில் எத்தனை எலும்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் வீட்டிலேயே இருந்த ஒரு மனித உடம்புக்கு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் அவளுக்கு மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது. ஒரு தடவை பதினைந்தாம் நாளே வரும். இன்னொரு தடவை நாற்பது நாளாகியும் எட்டிப் பார்க்காது. வந்தால் எட்டு நாள், பத்து நாள். அந்த நாட்களில் பெண்கள் அடுப்படிக்குள் வரக் கூடாது, கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்றிருந்த காலம் அது. அதனால் எங்கள் வீட்டுச் சங்கதியில் ரகசியமே கிடையாது. வாத்தியார் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும்.

கடைசியாக வந்தது நிற்கவே இல்லை. நான் கிண்டிய கம்பங்கூழைப் பத்தொன்பது நாள் வாய் பேசாமல் குடித்தாள். (வியாதியைவிட அதுதான் கொடுமை என்று பிற்பாடு சொன்னாள்.)

"டாக்டர்ட்ட போவமா?" என்றேன்.

"இதைப் போயி ஒரு ஆம்பளைட்ட நான் எப்பிடிச் சொல்ல? தானா நின்னுரும் மச்சான்."

"நீ வர வேணாம். நான் போயிச் சொல்லி மருந்து வாங்கிட்டு வாரேன்."

"நீங்க சொல்லிருவீகளா?"

"ஏன், எனக்கு வாய் இல்லையா?"

இருந்தது. அருப்புக்கோட்டை போய்ச் சேருகிற வரைக்கும் இருந்தது.

என்னைத் தன் வண்டியில் ஏற்றிப் போனவர் எங்கள் ஊர்ப் பருத்தி வியாபாரி கருப்பையா அண்ணாச்சி. அவருக்கு இடது காதில் சீழ். அந்தக் காது கேட்காது. (வலது காது ஊருக்கே போதும்.) டாக்டர் உட்கார்ந்திருந்த அறைக்கும் நாங்கள் காத்திருந்த பெஞ்சுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. என் முறை வந்து உள்ளே போனேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி வலது காது இந்தப் பக்கம் இருக்கும்படி திரும்பி உட்கார்ந்தது ஓட்டை வழியாகத் தெரிந்தது.

"என்ன செய்யுது?" என்றார் டாக்டர்.

மனசுக்குள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தில் முதல் பாதி, அதாவது 'என் சம்சாரத்துக்கு' என்பது, தொண்டையிலேயே நின்றுவிட்டது. மீதி மட்டும் வெளியே வந்தது.

"ரத்தம் போகுதுங்க."

"எத்தனை நாளா?"

"பத்தொம்பது நாளா."

"வலி இருக்கா?"

"அடிவயித்துல இருக்குங்க. இடுப்பும் விட்டுப் போகுதாம்."

அந்த 'தாம்' ஒன்றுதான், வியாதி எனக்கில்லை என்பதற்கு நான் கொடுத்த ஒரே குறிப்பு. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை.

"முன்னாடி வந்திருக்கா?"

"மாசாமாசம் வரும்ங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாசாமாசமா! காரம் நெறையத் திம்பீங்களோ? சரி, வேட்டியத் தளத்திட்டு அந்த மேசையில ஒருக்களிச்சுப் படுங்க."

படுத்தேன். ஏன் படுத்தேன் என்று நாற்பது வருஷமாகக் கேட்கிறார்கள். இந்த வியாதிக்குப் புருஷனையும் சோதித்துப் பார்ப்பது வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.) சோதனை எங்கே நடக்கிறது என்று தெரிந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

"வெளியில ஒண்ணும் காணோமே. உள்மூலமா இருக்கும்" என்றார் டாக்டர். நல்ல கணீர்க் குரல்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரே வார்த்தை, 'எனக்கில்லைங்க' என்று. ஆனால் இத்தனைக்கும் பிறகு அதைச் சொல்ல, படுக்கும்போது இருந்ததைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது. சீசாவில் மருந்தும் டப்பாவில் களிம்பும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணாச்சி வண்டியில் வைக்கோலைக் கூட்டி மெத்தை போல் பரப்பி வைத்திருந்தார்.

"பாத்து மெல்ல உக்காருங்க வாத்தியாரே" என்றார், அவ்வளவு கரிசனமாக.

மறுநாள் காலை என் வாசலில் துத்தி இலை கட்டுக் கட்டாகக் கிடந்தது. மூலத்துக்கு அதுதான் கைமருந்து. ஒருவர் கருணைக்கிழங்கு கொண்டுவந்து, எப்படி மசிக்க வேண்டும் என்று நின்று விளக்கிவிட்டுப் போனார். வேலம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நேத்து டாக்டர்ட்ட என்னத்தச் சொன்னீக?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். மேசையில் படுத்த இடம் வந்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து சுவரைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. சிரிப்பின் மிச்சம் முகத்தில் இருக்கும்போதே நினைவு தப்பிவிட்டது.

தண்ணீர் தெளித்துக் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெடித்த பருத்திபோல் வெளுத்திருந்தது. பத்தொன்பது நாளும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் அது வெளுத்ததைப் பார்க்கவில்லை.

கண் விழித்ததும் அவள் சொன்னாள்: "ரத்தம் போறவ நான்தான? நானே வந்து சொல்றேன். பொம்பளை டாக்டர் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

மதுரைக்குப் போனோம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸெல்லாம் கரி அடுப்பில் ஓடின. காரியாபட்டியில் நிறுத்தி டிரைவர் இறங்கி நெருப்பைக் கிளறிவிட்ட நேரமெல்லாம் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் நடுவயதுக்காரர். என்னைப் பார்த்ததும், "நீங்க வெளிய இருங்க" என்றார்.

"இல்லம்மா, அவுக இருக்கட்டும்" என்றாள் வேலம்மாள். "கேட்டுத் தெரிஞ்சுக்கிரட்டும்."

பிறகு கணக்காகச் சொன்னாள். கம்பு அறுத்த அன்றைக்கு வந்தது, எட்டு நாள் இருந்தது. அது நின்று பதினைந்து நாளில் திரும்ப வந்தது. இப்போது நிற்கவில்லை, கட்டி கட்டியாகப் போகிறது. முழுகாமல் இருந்தாயா என்று டாக்டர் கேட்டதற்கு, இல்லை என்றாள்.

"புருஷனோட சேர்ந்தா ரத்தம் படுதா?"

"ஆமாம்மா, படுது."

நான் ஜன்னலுக்கு வெளியே காக்கை எண்ணினேன். ஏழு இருந்தது.

சோதனைக்கு மட்டும் என்னை வெளியே அனுப்பினார்கள். கர்ப்பப்பை வாயில் சுண்டைக்காய் அளவு சதை வளர்ந்திருந்ததாம். கெட்ட கட்டி மாதிரித் தெரியவில்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். உடம்பில் ரத்தம் குறைந்துபோனதுதான் அவருக்குக் கவலை. அதற்காக என்னைத் திட்டினார்.

"ஒரு வாரத்துக்கு மேல நிக்காமப் போனா பாக்க வரணும். ரெண்டு மூணு மாசம் நாள் முன்னப் பின்ன ஆனாலும், நடுவுல ரத்தம் பட்டாலும் வரணும். மயக்கம் வந்தா அன்னைக்கே வரணும். தானா நிக்கும்னு பத்தொம்பது நாளா பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"டாக்டர்ட்ட போனேன்ங்க" என்றேன்.

"என்ன சொன்னார்?"

நான் வேலம்மாளைப் பார்த்தேன். அவளே சொன்னாள், ஒன்றுவிடாமல். லேடி டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

சதையை எடுத்தார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அவள் முகத்தில் நிறம் திரும்பியது, நாளும் ஒழுங்குக்கு வந்தது. பிறகு எங்களுக்கு மூன்று பெண்கள் பிறந்தார்கள். மூன்று பேருக்கும் வயசு வந்ததும் வேலம்மாள் இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எந்த டாக்டரிடமும் தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே பேசுவார்கள். மருமகன்கள் வந்தாலும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

போன வருஷம் எனக்கு நிஜமாகவே மூலம் வந்துவிட்டது. இரண்டு நாள் மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. மெதுவாக வேலம்மாளிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க படுத்திருங்க மச்சான்" என்றாள். "இந்தத் தடவை நான் போயிக் காட்டிட்டு வாரேன்."