நாலாவது தகடு

வுப்பர்டாலுக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் என் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் என் முகவரியும் தொழிலும் இருப்பதில் ஆச்சரியமில்லை. என் நட்சத்திரமும் இருக்கிறது. அகதியாக வந்து விண்ணப்பம் கொடுத்த காலத்தில்கூட யாரும் என்னிடம் நட்சத்திரம் கேட்கவில்லை. அது ஜெர்மன் அரசின் ஆவணத்தில் ஏறியதற்கு நான் பாதிப் பொறுப்பு, என் அக்கா பாதிப் பொறுப்பு.

நாற்பத்தைந்து வயதில் ஆண்களுக்குப் பல ஆசைகள் வரும். என் வயதொத்தவர்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், தலைக்கு மை பூசினார்கள். நான் ஒரு டிடெக்டர் வாங்கினேன். நீண்ட தடி, அடியில் ஒரு வட்டத் தட்டு, கைப்பிடியில் சின்னத் திரை. அதை இடமும் வலமும் வீசிக்கொண்டு நடந்தால், மண்ணுக்குள் உலோகம் இருக்கும் இடத்தில் கீச்சிடும். பழைய காசுகள், மோதிரங்கள், மன்னர்களின் வாள்கள் எல்லாம் எனக்காகவே காத்திருக்கின்றன என்று நம்பினேன். (தொழிற்சாலையில் இருபது வருடம் ஒரே இயந்திரத்தில் ஒரே திருகாணியைக் கடைந்தவனுக்கு அந்த அளவு நம்பிக்கையாவது வேண்டாமா?)

இந்த நாட்டில் நினைத்த இடத்தில் மண்ணைக் கிண்ட முடியாது. தொல்பொருள் அலுவலகத்துக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுக்க வேண்டும், நிலக்காரரின் கையெழுத்து வேண்டும், முக்கியமான எதை எடுத்தாலும் அறிவிப்பேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். எல்லாம் கொடுத்தேன். அக்காவுக்கு நகர எல்லையில் ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. கோடையில் அதில் மிளகாயும் கீரையும் போடுவா. அதற்குப் பின்னால் இருந்த ஒரு விவசாயியின் வயலில், அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் தேடுவதற்கு எனக்கு அனுமதி கிடைத்தது.

இரண்டு வருடம், வயல் வெறுமையாகக் கிடந்த மாதங்களில், ஒரு சனிக்கிழமை தவறாமல் போனேன். என் கண்டுபிடிப்புகளை வகைப்படுத்தி, சீட்டு ஒட்டி, கண்ணாடிப் பெட்டிகளில் வைத்தேன். பியர் போத்தல் மூடிகள், இருபதாம் நூற்றாண்டு. டிராக்டர் ஆணிகள், அதே நூற்றாண்டு. ஒரு கரண்டி, கைப்பிடி இல்லை. மூன்று பெனிக் காசுகள். விருந்தாளிகள் வந்தால் பெட்டிகளைத் திறந்து காட்டுவேன். ஆகவே விருந்தாளிகள் வருவது குறைந்தது.

என் மனைவி மாலினி நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் தமிழுக்கும் ஜெர்மனுக்கும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். கிழமை நாட்களில் அவள் வேலைக்கும் நான் ஷிப்டுக்கும் ஓடுவோம். ஒருவரையொருவர் காண்பதே சனிக்கிழமைதான். அந்தச் சனிக்கிழமையைத்தான் நான் வயலுக்குத் தாரை வார்த்திருந்தேன். மூன்றாவது வருட இலையுதிர் காலத்தில், ஒரு காலைச் சாப்பாட்டின்போது அவள் அமைதியாகச் சொன்னாள்:

"நத்தாருக்குள்ளை ஏதாவது உருப்படியா எடுத்தியள் எண்டால் நான் வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டால் மெசினை ஆருக்காவது குடுத்துப்போட்டு, சனிக்கிழமையை எனக்குத் தாங்கோ."

நியாயமான பேச்சு. கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு நல்ல கணவன் அன்றே கருவியைக் கொடுத்திருப்பான். நான் தெர்மோஸ் போத்தலில் தேநீரை ஊற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன்.

அன்றுதான் அது கிடைத்தது. வயலின் கிழக்கு மூலையில், நான் வழக்கமாக உள்ளே நுழையும் இடத்தில், கருவி இதுவரை கேட்டிராத ஒரு தெளிவான குரலில் கீச்சிட்டது. ஒரு சாண் ஆழத்தில் சுருட்டிய மெல்லிய செப்புத் தகடு, சுண்டுவிரல் நீளம். இலேசாகப் பச்சை பிடித்திருந்தது. நூலகத்துப் புத்தகமொன்றில் படித்திருந்தேன்: ரோமர்கள் தங்களுக்குப் பிடிக்காதவர்கள் மேல் சாபம் எழுதி, ஈயத் தகட்டைச் சுருட்டி மண்ணில் புதைப்பார்களாம். இது ஈயம் அல்ல, செம்பு. அந்த ரோமனுக்கு ஈயம் தீர்ந்துபோயிருக்கும் என்று முடிவு செய்தேன்.

ரைன் நதியின் இந்தக் கரையில், அதுவும் வுப்பர்டாலில், ரோமர் குடியிருந்ததாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதனால் என்ன, புத்தகங்களைத் திருத்தி எழுதட்டும் என்று நினைத்தேன்.

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னை மதிப்பதா இல்லையா என்று நீங்களே தீர்மானியுங்கள். தகட்டைச் சுற்றி ஒரு மஞ்சள் நூல் இருந்தது. ரோமருக்கும் நூல் இருந்திருக்கும்தானே. முகர்ந்து பார்த்தேன், கற்பூர வாசம் வந்தது. இரண்டாயிரம் வருடமாகியும் வாசம் போகவில்லை என்றால் அது அந்தக் காலத்துச் சரக்கின் தரம். பக்கத்தில், கறுத்துச் சுருங்கிய ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது. இத்தாலியிலிருந்து வந்தவர்கள் எலுமிச்சம்பழம் கொண்டுவராமல் வேறு யார் கொண்டுவருவது? அந்த இடத்தில் எந்தத் தமிழனுக்கும் எல்லாம் விளங்கியிருக்கும். நான் அந்த நேரம் தமிழனாக இல்லை, தொல்லியல் ஆய்வாளனாக இருந்தேன்.

கண்டெடுத்த பொருளை விரிக்கவோ கழுவவோ கூடாது என்பது விதி. விதியை அப்படியே பின்பற்றினேன். (வாழ்க்கையில் ஒரே ஒருமுறை விதியை மீறியிருக்க வேண்டிய இடம் அதுதான்.) தகட்டையும் பழத்தையும் பொதிசெய்து அலுவலகத்தில் ஒப்படைத்தேன். பொறுப்பாக இருந்த தொல்லியல் அம்மையார் பழத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆய்வுகூடத்தில் விரித்துப் பார்த்துச் சொல்கிறோம் என்றார். அந்தப் பார்வையை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

விதி வாயைக் கட்டவில்லையே. வீட்டுக்கு வருமுன்பே எங்கள் ஊர்ச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் 'வுப்பர்டாலில் ரோமர் தகடு: எம்மவரின் கண்டுபிடிப்பு' என்று போட்டுவிட்டேன். கனடாவிலிருந்தெல்லாம் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. அக்கா மட்டும் கை அனுப்பாமல் நேரே தொலைபேசியில் வந்தா.

"தம்பி, எந்த மூலையிலை எடுத்தனீ?"

கிழக்கு மூலை என்றேன். எடுத்த இடத்திலேயே திருப்பித் தாட்டு, மண்ணை மூடிவிட ஏலாதா என்று கேட்டா. பொருள் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அன்று தொடக்கம் தினமும் எடுத்து, அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று விசாரித்தா. தம்பியின் புகழில் அக்காவுக்கு எவ்வளவு அக்கறை என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மூன்று கிழமை கழித்து டெர்மின் வந்தது, நேரில் வரச்சொல்லி நாள் குறித்த கடிதம். தகட்டில் எழுத்து இருக்கிறது, லத்தீன் அல்ல, அதற்கென ஒரு மொழி வல்லுநரை அழைத்திருக்கிறோம் என்று கடிதத்தில் இருந்தது. லத்தீன் அல்ல என்றால் கிரேக்கம் என்று நானாகவே நிரப்பிக்கொண்டேன். நாலு நாட்கள் குளியலறைக் கண்ணாடியின் முன் நன்றியுரை பழகினேன். மாலினி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டெர்மின் அன்று காலை, தனக்கும் வெளியே ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு முன்னதாகவே புறப்பட்டுப் போனாள். தன் வேலை விஷயங்களை அவள் வீட்டில் பேசுவதே இல்லை. ரகசியம் காப்பேன் என்று சத்தியம் செய்தவள்.

நான் கோட் சூட் போட்டேன். "நானும் வாறன்" என்று அக்காவும் கூட வந்தா. அறைக் கதவைத் திறந்தேன். நீண்ட மேசையின் ஒரு பக்கம் தொல்லியல் அம்மையார். அவருக்குப் பக்கத்தில், கறுப்புக் கோப்போடு அந்த மொழி வல்லுநர். அவர் என் மனைவி.

சட்டப்படி ஒரு விஷயத்தை முதலில் அறிவிக்க வேண்டும் என்று மாலினி ஜெர்மனில் தொடங்கினாள். எதிரே நிற்கும் இந்தக் கனவான் தன் கணவர் என்றும், அவருக்கு ஆட்சேபம் இருந்தால் வேறொரு மொழிபெயர்ப்பாளரை அழைக்கலாம் என்றும் சொன்னாள். ஆட்சேபம் இல்லை என்றேன். விரித்து வைத்த தகட்டில் கட்டங்களும், கட்டங்களுக்குள் எழுத்துகளும், கீழே நாலு வரி தமிழும் பளிச்சென்று தெரிந்தன. அவள் தமிழில் ஒரு வரி வாசித்து, ஜெர்மனில் ஒரு வரி சொன்னாள்.

"செல்வராசா மகன் குகதாசன், ஆயிலிய நட்சத்திரம். இவருக்கு எவரோ ஏவிவிட்ட மண் கிண்டும் விசர் இவரைவிட்டு நீங்குக."

விசர் என்பதற்கு ஜெர்மனில் இரண்டு சொற்கள் இருப்பதாகவும், ஒன்று வைத்தியர்கள் சொல்வது, மற்றது தெருவில் சொல்வது, இந்த ஆளுக்கு இரண்டும் பொருந்துமென்றும் அவள் விளக்கினாள். அம்மையார் அதையும் எழுதிக்கொண்டார். கடைசி வரிக்கு வந்தபோதுதான் மாலினியின் குரல் கொஞ்சம் தடுமாறியது.

"சனிக்கிழமைகளில் இவர் தன் பெண்சாதியோடு இருப்பாராக."

அதை ஜெர்மனில் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ரோமர் கனவு கைநழுவிப் போனதற்கு அல்ல, இந்த வரிக்கு.

"நான்தான் தாட்டனான்" என்று அக்கா எழுந்து நின்றா. "நல்லா இருந்த மனிசன் ஏன் தடியோடை வயலுக்கை திரியிறான்? ஆரோ செய்வினை செய்துபோட்டாங்கள் எண்டு நினைச்சன். சாத்திரியார் எழுதித் தந்தார். நீ மிதிக்கிற இடத்திலை தாழ்க்கவேணும் எண்டவர்."

மண்ணுக்குள் உலோகம் தேடுகிற கருவியின் பாதையில் யாராவது தகட்டைப் புதைப்பார்களா என்று கேட்டேன். அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தா.

"அது பொன் தேடுற மெசின் எண்டல்லோ சொன்னனீ. இது செம்பு."

தகட்டுக்கு வயது இரண்டு மாதம் இருக்கும் என்று அம்மையார் மிக மரியாதையாகத் தெரிவித்தார். எலுமிச்சம்பழத்தின் வயதும் கிட்டத்தட்ட அதேதான். அதோடு என்னை மறந்துவிட்டார். நாற்காலியை அக்காவின் பக்கம் திருப்பி, எப்படிச் சுருட்டினீர்கள், எந்தப் பக்கம் தலை, நூல் எத்தனை சுற்று என்று கேட்க ஆரம்பித்தார். சாபத் தகடுகளோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்கிறாராம்; புதைத்த ஒருவரை உயிரோடு சந்திப்பது இதுதான் முதல் தடவையாம். அக்கா சொல்ல, மாலினி மொழிபெயர்க்க, மூன்று பெண்களும் ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தார்கள். கோட் சூட்டோடு நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குறிப்புகளோடுதான் என் நட்சத்திரமும் கோப்புக்குள் போனது.

முடிக்கும்போது அம்மையார் சம்பிரதாயத்துக்கு ஒரு கேள்வி கேட்டார்: வேறு தகடு ஏதாவது?

"நாலு மூலைக்கும் நாலு" என்றா அக்கா. "ஒண்டை மட்டும் தாட்டால் பலிக்காது."

அம்மையாரின் முகம் மாறியது. நூறு வருடம் கழித்து வேறொருவர் எடுத்துக் குழம்பிப்போகக் கூடாது, மற்ற மூன்றையும் எடுத்தே ஆகவேண்டும் என்றார். அதற்குள் விவசாயி வயலை உழுதிருந்தார். கலப்பை தகடுகளை எங்கே இழுத்துப் போனது என்று யாருக்கும் தெரியாது. என் அனுமதியை ரத்துச் செய்யாமல், ஒரு நிபந்தனையோடு நீட்டித்தார்கள்: எழுத்துள்ள எதையும் எடுத்தால், தமிழ் வாசிக்கத் தெரிந்த, பொறுப்பான ஒருவர் கூட இருக்க வேண்டும். நானும் தமிழ் வாசிப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். 'பொறுப்பான' என்ற சொல்லின் கீழ் அம்மையார் கோடிட்டார்.

ஆகவே இப்போது சனிக்கிழமைகளில் மாலினியும் வயலுக்கு வருகிறாள். தெர்மோஸில் தேநீர், ஒரு டப்பாவில் ரோல்ஸ். நான் தடியை வீச, அவள் பக்கத்தில் நடந்தபடி கிழமைக் கதையெல்லாம் சொல்வாள். இரண்டாவது தகடு முதல் வருடம் கிடைத்தது, மூன்றாவது அடுத்த வருடம். நாலாவது இன்னும் இல்லை. எங்கள் வீட்டில் கார்ச் சாவியோ மூக்குக் கண்ணாடியோ காணாமல் போனால், "நாலாவது தகட்டோடை கிடக்கும்" என்பார்கள். தான் எழுதுவித்தது அட்சரம் பிசகாமல் பலித்துவிட்டதாக அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. என்னால் மறுக்கவும் முடியவில்லை.

ஒன்றை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். போன இலையுதிர் காலத்தில், வடக்கு மூலையில், வேலியிலிருந்து ஆறடி உள்ளே, கருவி அதே தெளிவான குரலில் கீச்சிட்டது. நான் நிற்காமல் தாண்டி நடந்தேன். மாலினி இரண்டடி தள்ளி, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்க வழியே இல்லை. ஆனால் அவள் சத்தியம் செய்தவள், எதையும் வெளியே சொல்லமாட்டாள்.