ஒரு ஊசி குறைகிறது

பல் வைத்தியம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பொதுச் சத்திரசிகிச்சை சொல்லிக்கொடுப்பது, கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியவரை மறுபடி பந்தியில் உட்கார வைப்பது மாதிரி. மரியாதைக்காக உட்காருவார்கள். உள்ளே ஒன்றும் இறங்காது.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காலம் முழுக்க வாய்க்குள் வேலை செய்யப் போகிறவர்களுக்கு மூலத்தையும் குடலிறக்கத்தையும் படம் போட்டுக் காட்டினால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? நான் அப்போது சத்திரசிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். புதிதாக வருகிறவர் தலையில் இந்த வகுப்பைக் கட்டிவிடுவது எங்கள் பிரிவின் வழக்கம். முதல் நாள் பித்தப்பையைப் பற்றி நான் உணர்ச்சி பொங்கப் பேசிக்கொண்டிருக்கையில், பின்வரிசையிலிருந்து கணீரென்று ஒரு குறட்டை கேட்டது. (குறட்டை விடுகிறவருக்கு மூச்சுப்பாதையில் அடைப்பு இருக்கலாம் என்பது அடுத்த வாரப் பாடத்தில்தான் இருந்தது.)

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவர்கள் நாளைக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டு ஈறைத் தைக்க வேண்டியவர்கள். தையலைக் கையில் கொடுத்தால் எப்படித் தூங்குவார்கள், பார்த்துவிடுகிறேன் என்று நேரே பிரிவுத் தலைவரிடம் போனேன். அவரை நாங்கள் எல்லோரும் பெரிய சேர் என்போம். பேசினால் சிங்களத்தில் இரண்டே வசனம். இரண்டாவது எப்போதும் எச்சரிக்கையாக இருக்கும். அதனால் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி மெதுவாகத்தான் விஷயத்தை ஆரம்பித்தேன். (நிஜமாகவே வாழைப்பழமும் ஊசியும்தான் கேட்டேன். தோலைக் கீறித் தைத்துப் பழகுவதற்கு அதைவிட மலிவான நோயாளி கிடையாது.)

"ஒரு நாள் செய்து பாருங்க" என்றார். "ஏதாவது குழப்பம் வந்தா செய்முறை வகுப்பு அதோட சரி, பழையபடி படம் போடுங்க."

ஒரு நாள். அந்த ஒரு நாள் நன்றாகப் போனால் என் பிள்ளைகள் கையால் வேலை பழகுவார்கள். போகாவிட்டால் நானும் பித்தப்பையும் குறட்டையும்தான்.

அன்று காலையில் பிலிமத்தலாவையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில், தோல் தடித்த ஆனைவாழைப்பழமாகப் பார்த்து இரண்டு சீப்பு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ரவி பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாராவது சுகமில்லாதவங்கள பார்க்கப் போறியா?"

"இல்ல. ஆபரேஷன் பண்ணப் போறேன்."

"பழத்துக்கா? மயக்க மருந்து யாரு குடுக்குறா?"

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். சரித்திரம் படைக்கப் போகிறவர்கள் இதற்கெல்லாம் நின்று பதில் சொல்வதில்லை.

வகுப்பின் ஆரம்பத்தில் ஒரு பிரசங்கம் வேறு செய்தேன். ஆபரேஷன் தியேட்டரில் ஊசிகளை எண்ணிச் சரிபார்க்காமல் யாருடைய வயிற்றையும் மூடமாட்டோம், எண்ணிக்கை குறைந்தால் தேடி எடுக்கும்வரை ஒருவரும் அசையக் கூடாது என்றேன். அதோடு விட்டேனா? "இன்னைக்கும் அதே சட்டம்தான். ஒரு ஊசி குறைஞ்சாலும் யாரும் வெளிய போக முடியாது. பெரிய சேரே வந்தாலும் போக முடியாது!" என்று முழங்கினேன். குகன் என்ற யாழ்ப்பாணத்துப் பையன், "ஓம் மெடம்" என்று பயபக்தியோடு தலையாட்டினான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். சட்டத்தை அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவர்கள் ஆபத்தானவர்கள்.

எல்லோரும் தைத்தார்கள். ஒருவரும் தூங்கவில்லை! பஸ்மினா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திகனைக்காரி. எழுத்துப் பரீட்சையில் கெட்டி, ஆனால் ஆயுதத்தைத் தொட்டால் விரல் நடுங்கும்.

"எனக்கு ஏலாது மெடம். என்ட கைய பாருங்க, ஆடுது. நான் பாத்துட்டு நிக்கிறேன்."

"பழம் ஒன்னும் உங்களைத் திட்டாது. தைங்க."

தைத்தாள். அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில், மூன்று முடிச்சு போதும் என்ற இடத்தில் ஐந்து போட்டாள். ஒவ்வொன்றையும் மூச்சைப் பிடித்து இறுக்கினாள். அழகு என்று சொல்ல முடியாது. பழம் போருக்குப் போய் வந்தது மாதிரி இருந்தது.

அறை புழுங்கியது. ஜன்னலில், குரங்கு வரும், திறக்க வேண்டாம் என்று மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டியிருந்தது. மூன்றையும் வாசித்துவிட்டுத் திறந்தேன். (தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், குரங்குக்குப் பயப்படுவேனா?)

சற்று நேரத்தில் ஒரு கிழட்டு ஆண் குரங்கு, விடுதியில் அறை எடுத்தவர் மாதிரி நிதானமாக உள்ளே வந்தது. மேசை முழுக்கப் பழம் கிடக்க, பஸ்மினாவின் பழத்தைத்தான் தூக்கியது. கடைசித் தையலின் நூலை அவள் இன்னும் வெட்டவில்லை. வளைந்த ஊசி நூலில் தொங்கிக்கொண்டிருக்க, குரங்கு வந்த வழியே போயே போய்விட்டது.

"அல்லாஹ்வே! என்ட பழம்!"

"எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று நான் கத்தினேன்.

குகன் கதவை மறித்துக்கொண்டு நின்றான். "மெடம், ஒரு ஊசி குறையுது. ஒருத்தரும் வெளியில போகேலாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அட கடவுளே, அந்த ஊசியத்தான் பிடிக்கப் போறேன், வழிய விடுங்க!"

வாசல் மரத்தடியில் ஒரு வகுப்பே கையுறையோடு அண்ணாந்து நின்றது. குரங்கு மேலே ஒரு கிளையில் வசதியாக அமர்ந்திருந்தது. ஒருவன் கைதட்டினான், ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது ஊசியை விழுங்கித் தொலைத்தால் என்ன செய்வேன்? பாவம், வாயில்லாத ஜீவன். என் வகுப்பும் போய், ஒரு உயிரும் போய், நாளைக்கு எந்த முகத்தோடு இங்கே வருவேன்?

பின்னாலிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. பெரிய சேர்.

"என்ன நடக்குது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் குகன் முந்திக்கொண்டு சிங்களத்தில், "சேர், ஒரு ஊசி குறையுது. கிடைக்கும்வரை சேரும் போக முடியாது" என்றான்.

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன். அது அன்றைக்கு விடுமுறையில் இருந்தது. பெரிய சேர் குகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார். "சத்தம் போடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எங்களோடு நின்றார். சட்டம் சட்டம்தானே.

குரங்கு தையலைப் பிரிக்க ஆரம்பித்தது. நகத்தால் நோண்டியது. இரண்டு கையாலும் இழுத்தது. ஊசி விரலில் குத்தியதும் உதறிவிட்டு, இதைத் தைத்தவர் யார் என்று கேட்பது போல எங்களைப் பார்த்தது. பஸ்மினா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். மறுபடி இழுத்தது. தையல் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய்ப் பழத்தைத் தலைகீழாகத் திருப்பி, தையல் இல்லாத பக்கமாக உரித்துப் பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை வீசியெறிந்தது.

தோல் பெரிய சேரின் சப்பாத்தருகே விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார். ஊசி நூலோடு பத்திரமாகத் தொங்கியது. தையலின் இரு பக்கமும் பெருவிரலை வைத்து இழுத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி இழுத்தார். முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது யார் தைத்தது?"

பஸ்மினாவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டேன்.

"குரங்குக்கே பிரிக்க முடியல்ல" என்றார் பெரிய சேர். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இந்த வகுப்பை ஒவ்வொரு வாரமும் வைங்க." இரண்டாவது வசனம், எச்சரிக்கை, பின்னாலேயே வந்தது: "ஜன்னலை மூடிட்டு வைங்க."

"எண்ணிக்கை சரி!" என்று குகன் கத்தினான். மரத்தடி கைதட்டலில் அதிர்ந்தது. பஸ்மினா தன் கையையே விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்கள் ஆடவில்லை. எனக்கு அப்போது வந்த சந்தோஷம், பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை. மூலத்தையும் குடலிறக்கத்தையும் நான் இன்றைக்கும் அவர்களுக்குக் கற்பிக்கிறேன், தையல் வகுப்புக்கு ஆசைப்பட்டு அதையும் கண்விழித்துக் கேட்கிறார்கள்.

வீட்டில்தான் நிம்மதி போய்விட்டது. ரவியிடம் இந்தக் கதையைச் சொன்னது நான் செய்த முட்டாள்தனம். பஸ் ஏறும்போதும், சட்டை பொத்தான் தைக்கும்போதும், சமையலறையில் கரண்டி காணாமல் போகும்போதும், "எண்ணிக்கை சரியா, டொக்டர்?" என்பார். என் மகளும் இப்போது அதைப் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டி வந்தது. திகனையில் பஸ்மினாவின் கிளினிக்கில்தான் போய்ப் படுத்தேன். பிடுங்கினாள், தைத்தாள். கை கல் மாதிரி நின்றது. ஐந்து முடிச்சு. (எண்ணினேன். நாக்கால்.)

"ஊசி எண்ணிக்கை சரி, மெடம்" என்று சிரித்தாள். "ரெண்டு நாளைக்கு மிருதுவான சாப்பாடுதான். வாழைப்பழம் சாப்பிடலாம்."

என் வாய் நிறையப் பஞ்சு. மூலையில் கதிரையில் உட்கார்ந்திருந்த ரவிதான் கேட்டார்:

"தைச்சதா, தைக்காததா?"