எட்டங்குலக் குழாயும் ஒரு கையெழுத்தும்

786

கல்முனைக்குடி,
12.02.1982, வெள்ளி காலை.

என் அருமைப் பேரன் ஸலாஹுதீனுக்கு, உன் உம்மாவைப் பெற்ற செயினம்பு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும், பெரியவர்கள் சொல்வதைக் கேட்கும் காதையும் தருவானாக. நாங்கள் எல்லோரும் சுகம். அப்படி எழுதாவிட்டால் கடிதம் தொடங்காது என்பதால் எழுதினேன். சுகமில்லாதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கீழே சொல்கிறேன்.

முதலில் நம் பிள்ளைகளின் செய்தி. உன் மாமா சீனிமுகம்மதுவின் மூத்தவன் நெல் வாங்கும் களஞ்சியத்தில் கிளாக்கராகிவிட்டான். ஒரு நாளைக்கு நாற்பது சிட்டையில் கையெழுத்துப் போடுகிறான், ஒன்றையும் வாசிப்பதில்லை, சுறுசுறுப்பானவன் என்று மேலதிகாரி மெச்சுகிறாராம். இரண்டாவது மகன் விளையாட்டுக் கழகத்துக்குச் செயலாளர். நடக்காத கூட்டத்துக்குக்கூட அறிக்கை எழுதி ஒப்பம் வைக்கிறான், அவ்வளவு கெட்டிக்காரன். மாமாவின் மகள் ஒன்பதாம் வகுப்பில் முதலாம் பிள்ளை. தேர்ச்சி அறிக்கையில் வாப்பாவின் கையெழுத்தை வாப்பாவைவிட அழகாக அவளே போட்டுக் கொடுத்தாள், இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. (பக்கத்தில் இருந்து வாசித்துக்கொண்டே வரும் மாமாவின் முகம் இந்த இடத்தில் கறுத்தது. எழுதியதை நான் வெட்டுவதில்லை.) ஆக நம் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரியாத பிள்ளை ஒன்றுமே இல்லை. அம்பாறைக்கு பஸ் ஏறி மூன்று வருடம் படம் கீறப் படித்து, கடல் கடந்து போய், அரபு நாட்டில் காஸ் அமுக்கும் நிலையத்தில் மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் பெற்ற ஒருவனுக்குத்தான் அது வரமாட்டேன் என்கிறது.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்களே தவிர, வாசித்தால் விளங்காத தலை அல்ல இது. மூன்று இயந்திரங்கள் காஸை அமுக்கி நூறு மைலுக்கு அப்பால் தள்ளுகின்றன, வழியில் எங்காவது அடைத்துக்கொண்டால் அமுக்கம் ஏறும், ஏறினால் வால்வுகள் தானாகத் திறந்து காஸை ஒரு குழாய் வழியாக உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், அந்தக் குழாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது உன் வேலை. ஒரு இயந்திரத்தில் மட்டும் அமுக்கம் மிஞ்சினால் ஆறு அங்குலம் போதும். மூன்றும் ஒன்றாக மிஞ்சினால் எட்டு அங்குலம் வேண்டும், ஏனென்றால் குழாயும் நீளம், அதில் ஏழு வளைவு முடக்கும் இருக்கிறது, ஒவ்வொரு முடக்கும் பல அடி நீளத்துக்குச் சமம், குழாய் போதாவிட்டால் காஸ் திரும்பி வந்து வால்வை முட்டும், வால்வு ஒழுங்காகத் திறக்காது. உன் வேலையிடத்துப் பெரியவரோ, ஆறங்குலக் குழாய்தான் கையில் கிடக்கிறது, மூன்று இயந்திரமும் ஒரே நேரத்தில் மிஞ்சியதை நான் கண்டதில்லை, படத்தில் ஒப்பம் வை என்கிறார். நீ மாட்டேன் என்றாய். இப்போது மேசை போய்விட்டது, நாற்காலி போய்விட்டது, வெட்டவெளியில் நின்று குழாய் எண்ணிக்கொண்டிருக்கிறாய். அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் கையெழுத்து வந்தால் மேசை திரும்பும், வராவிட்டால் உன்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இவ்வளவும் எனக்கு விளங்கிவிட்டது மகனே. விளங்காதது, இரண்டு அங்குலத்துக்காக உன் தங்கச்சியை நீ நடுவழியில் விட்டதுதான்.

நம் பகுதியில் மாப்பிள்ளை வந்து ஏறுவது பெண்ணின் வீட்டில் என்பதை நீ மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். தங்கச்சி முனவ்வறாவுக்கென்று நீ தொடங்கிய வீடு நிலை மட்டத்தில் நிற்கிறது. கூரை இல்லை. கதவு இல்லை. பக்கத்து வீட்டு ஆடு உள்ளே குடியேறி இரண்டு குட்டியும் போட்டுவிட்டது, அந்த ஆட்டுக்காவது வீடு அமைந்ததே என்று உன் உம்மா மைமூனா முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள். மாப்பிள்ளை அதாவுல்லா தங்கமான பிள்ளை, பள்ளிக்கூட வாத்தி, குனிந்த தலை நிமிரமாட்டார். அவரைப் பெற்ற நாச்சியா நிமிர்ந்த தலை குனியமாட்டாள். நோன்புக்கு முன்னம் கூரை ஏறாவிட்டால் மருதமுனையில் ஓட்டு வீட்டோடு ஒரு பெண் இருக்கிறது என்று ஆளனுப்பிச் சொல்லிவிட்டாள்.

இந்த நிலையில் உன் மாமா சும்மா இருப்பாரா? உன் கடிதத்தையும் அதில் நீ கீறி அனுப்பிய குழாயின் படத்தையும் எடுத்துக்கொண்டு அஸர் தொழுகைக்குப் போனார். தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் விறாந்தையில் படத்தை விரித்தார்கள். பதினொரு பேர். படத்தை யாரோ தலைகீழாகப் பிடித்திருந்ததால் காஸ் மேலிருந்து கீழே போகிறது என்று ஒருவர் அரை மணித்தியாலம் விளக்கினாராம். கடைசியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது வட்டை விதானை மீராமுகைதீனை. முப்பது வருடமாக வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர், அகலத்தைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்?

"எட்டங்குலத் தண்ணிய ஆறங்குல வாய்க்கால்ல விட்டா என்னவாகும்?" என்று கேட்டு அவரே பதிலும் சொன்னாராம். "கொஞ்சம் சுணங்கிப் போகும். அதுக்கும் மிஞ்சினா வரம்பால வழிஞ்சி பக்கத்துக் காணிக்குள்ள போகும். காணிக்காரன் மண்வெட்டியோட வருவான், நான் கதைச்சித் தீர்த்து வைப்பன். இதுக்குப் போய் ஒரு மனிசன் மேசைய உடுறதா?"

பதினொரு கையும் உயர்ந்தன. ஆறு அங்குலம் போதும் என்று தீர்மானம். அதை எழுதி எல்லோரும் ஒப்பமும் வைத்தார்கள், அதில் நான்கு பேர் வாசிக்கத் தெரியாதவர்கள். அந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன், உன் பெரியவரிடம் காட்டு, பிழைத்துப் போகட்டும்.

தீர்மானம் எடுத்த கையோடு மாமாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. மாமா நடத்தும் நம் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் பொயிலரில் அமுக்கம் மிஞ்சினால் ஆவி வெளியே போவது உனக்குத் தெரியும். அது நேரே நாச்சியா வீட்டு வேலிப்பக்கம் போய், காயப்போட்ட உடுப்பெல்லாம் மறுபடியும் நனைகிறது என்று அவள் பத்து வருடமாகப் பேசுகிறாள். சம்பந்தக்காரியைக் குளிரவைத்தாற்போலவும் இருக்கும், மருமகனுக்குப் பாடம் படிப்பித்தாற்போலவும் இருக்கும் என்று, பழைய கிணற்றுப் பம்பிலிருந்து கழற்றிய ஒன்றேகால் அங்குலக் குழாயை எடுத்து, இரண்டங்குல வால்வின் வாயில் பொருத்தி, ஐந்து முடக்குப் போட்டு, கூரைக்கு மேலால் நாற்பது அடி இழுத்து வாய்க்கால் பக்கம் விட்டார். பொயிலர் பார்க்கும் பாண்டிருப்புக் கனகரெத்தினம் பார்த்துவிட்டு உமி அள்ளும் சவளைக் கீழே போட்டார்.

"முதலாளி, இதுக்கு நான் நெருப்பு வைக்க மாட்டன்."

"ஏன் கனகரெத்தினம்? வட்டை விதானையே சொல்லிட்டாரு, சுணங்கிப் போகும், அவ்வளவுதான்."

"தண்ணி மிஞ்சினா வழிய வரம்பு இருக்கு முதலாளி. ஆவிக்கு எங்க வரம்பு?"

"இருபத்திரெண்டு வருசம் உமி தள்ளினதுக்கு நீயும் இஞ்சினியரா? போ, போய் அந்த வேப்பமரத்துக்குக் கீழ இரு. நான் வைக்கிறன்."

மாமாவே நெருப்பு வைத்தார். ஊசி சிவப்புக் கோட்டுக்கு வந்தது, வால்வு திறந்தது, ஆவி குழாய்க்குள் போனது, போனதில் பாதிகூட மறுபக்கத்தால் வரவில்லை. வால்வு திறப்பதும் மூடுவதுமாகத் தையல் மெஷின் ஓடுவதுபோல் படபடவென்று அடித்தது, ஊசியோ இறங்காமல் ஏறுகிறது. நான் அவித்த நெல் பார்க்க அங்கே போயிருந்தேன், என் கண்ணால் கண்டதை எழுதுகிறேன். மாமா ஊசியைப் பார்த்து யாசீன் ஓதத் தொடங்கினார், பாதியில் மறந்துபோய்த் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். மரத்தடியில் இருந்த கனகரெத்தினம் ஓடிவந்து அடுப்புக்குள் இருந்த நெருப்பு முழுவதையும் வெளியே வாரி இழுத்தார், முழங்கை வரை தோல் போய்விட்டது. அந்த நேரம் முதலாம் முடக்கு உடைந்தது. ஆவிக்கு வழி கிடைத்ததால்தான் பொயிலர் வெடிக்காமல் நின்றது, நாங்களும் உயிரோடு நின்றோம். நாற்பது அடிக் குழாய் கூரையைப் பிய்த்துக்கொண்டு எழும்பி, வேலியைக் கடந்து, நாச்சியாவின் குசினிக்கு மேல் குறுக்கே படுத்தது. குசினிக்குள் ஆள் இல்லாதது அல்லாஹ்வின் கிருபை.

நாச்சியா வெளியே வந்து மேலே பார்த்தாள். பிறகு வேலிக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.

"மச்சி, எங்கட மகன் உங்கட ஊட்ட வந்து ஏற முன்னம், உங்கட குழாய் எங்கட ஊட்ட வந்து ஏறிட்டு. இதுக்கும் ஒரு கல்யாண நாள் பார்ப்பமா?"



இதை எழுத வேண்டாம் என்று மாமா சொன்னார். எழுதுவேன் என்றேன். அப்படியானால் காரணத்தையும் எழுது என்கிறார், எழுதுகிறேன்: முடக்குப் பூட்டியவன் சரியில்லை, கிணற்றுப் பம்புக் குழாய்க்கு ராசியில்லை, கனகரெத்தினம் நெருப்பை அவசரப்பட்டு இழுத்துவிட்டான், இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தானாகவே இறங்கியிருக்கும். கனகரெத்தினத்தை வேலையால் நிறுத்தியாகிவிட்டது. பள்ளிவாசல் விறாந்தையில் மறுபடியும் கூடினார்கள். ஆவி வேறு, காஸ் வேறு, பழைய தீர்மானத்தை மாற்றத் தேவையில்லை என்று முடிந்தது. வட்டை விதானை மட்டும் அன்றைக்கு வரவில்லை, வயலில் வேலையாம்.

ஆகவே மகனே, ஊர் முழுவதும் ஒரே சொல்லில் நிற்கிறது. உன் உம்மா இரண்டு கிழமையாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குழாய் எண்ணுகிறவனின் தங்கச்சி என்று முனவ்வறாவைச் சொல்கிறார்கள் என்று உன் மாமி வந்து சொல்லிப்போட்டுப் போனாள், சொன்னவர்கள் யார் என்று கேட்டால் அவளேதான். மூன்று இயந்திரமும் ஒன்றாக மிஞ்சாது. மிஞ்சினாலும் அது அரபிக்காரனின் காஸ், அவனுடைய குழாய். நீ பேனாவை எடு, பிஸ்மி சொல், உன் பெயரை எழுது, மேசைக்குத் திரும்பு. தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை போடு. இது உன் உம்மம்மாவின் சொல், மாமாவின் சொல், ஜமாஅத்தின் சொல்.

வேளைக்குத் தொழு. வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் என் ஸலாம். அல்லாஹ் நீ உழைக்கும் ரிஸ்கில் பரக்கத்தைத் தருவானாக, உன் பிடிவாதத்தைக் கரைப்பானாக, ஆமீன். மேசை திரும்பியதும் அதற்குப் பின்னால், டை கட்டி, கையில் பேனாவோடு இருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி மாமா சொல்கிறார், சம்பந்தக்காரருக்குக் காட்டவாம்.

இப்படிக்கு,
உன் உம்மம்மா,
பக்கீர் முகைதீன் பெண்சாதி செயினம்பு.

பின்குறிப்பு: மாமா மேலே உள்ளதை எல்லாம் இரண்டு தரம் வாசித்து, நல்ல கடிதம் என்று சொல்லி, சோறு வைத்து ஒட்டும்படி உறையை என்னிடம் தந்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். ஆண்கள் ஒருவரும் வீட்டில் இல்லை. இனி நான் எழுதுகிறேன்.

இரண்டு அங்குலம்தானே என்று நானும் நம்பித்தான் இருந்தேன். பொயிலர் விஷயத்துக்குப் பிறகு நித்திரை இல்லை. நேற்று, எட்டங்குல வாய் உள்ள பிஸ்கட் டின்னையும் ஆறங்குல வாய் உள்ள மாப்பால் டின்னையும் எடுத்து, உயரம் ஒரே அளவாக வெட்டுவித்து, வீட்டுக்குப் பின்னால் கோடியில் வைத்து மணல் அளந்து பார்த்தேன். சின்ன டின்னால் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன், பெரிய டின் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. நிரப்ப மறுபடியும் முக்கால் டின்னுக்கு மேல் வேண்டியிருந்தது. பதினொரு ஆம்பிளைகள் கை உயர்த்த முன் ஒரு பிடி மணல் அள்ளிப் பார்த்திருக்கலாம்.

பிறகு பாண்டிருப்புக்கு நடந்துபோய்க் கனகரெத்தினத்தின் கையைப் பார்த்தேன். "பேரன் சொல்றதுதான் சரி உம்மா" என்றார். அந்தக் கையோடு அவர் அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? உன் குழாய்க்குக் கிட்ட எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டாம். அவர்களுக்கும் எங்கேயோ ஓர் உம்மா அரைக் கட்டுமான வீட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

நான் அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபத்தில் எழுதுகிறேன். முனவ்வறா இப்போது எனக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கையெழுத்துப் போடவேணாம் என்டு எழுதுங்க உம்மம்மா. கூரை ஓலையில போடலாம். அதாவுல்லா மாஸ்டருக்கு ஓலைக் கூரை ஒத்துக்காட்டி, மருதமுனைக்கே போகட்டும்." சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள், முகத்தை எனக்குக் காட்டவில்லை.

ஆகவே கையெழுத்துப் போடாதே. மேலே நான் எழுதியது எல்லாம் மற்றவர்கள் வாசிக்க எழுதியது, அதோடு அதன் வேலை முடிந்தது. விமானத்தில் ஏற்றினால் ஏறி வா. சுருக்கமாகச் சொல்கிறேன், மாமா வரும் நேரம்: மேசைப் படம் வேண்டாம். அந்த வெயிலுக்குள், அந்த ஆறங்குலக் குழாய்களுக்கு முன்னால் நின்று, எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு புதுப் படம் எடுத்து உடனே தபாலில் போடு. முகம் தெளிவாக விழ வேண்டும். நாச்சியாவின் வீட்டுக்கு அதை நானே கொண்டுபோவேன்.