ஷிப்ட்டு சாரும் எண்ணூறு அப்பாக்களும்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் எந்த விவசாயிக்கு யார் அப்பா என்பது கடவுளுக்கு அடுத்தபடியாக ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். எங்கள் விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் அடித்த ஷிப்ட்டு சார். கடவுளுக்கே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்டிருப்பார்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வர ஒரு கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குப் பெயர் ஷிப்ட். அதையே அழுத்தி அழுத்தி அவருடைய இடது சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்து போயிருந்தது. டீ கிளாஸைப் பிடித்தாலும் அந்த விரல் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால் வந்த பெயர்.

நான் அங்கே கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். இரண்டு மா குத்தகை நிலம் இருப்பதால் சங்கத்தில் உறுப்பினரும்கூட.

ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது. உறுப்பினர்களுக்கெல்லாம் அடையாள அட்டை அச்சாகிறது, எக்செல் பட்டியலில் பெயர்களைச் சரிசெய்து பத்து நாளில் அனுப்ப வேண்டும். முன்பு இருந்த ஆள் பாதிப் பேரை முழுக்கப் பெரிய எழுத்திலும், மீதிப் பேரை முழுக்கச் சின்ன எழுத்திலும் அடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"ஏதோ ஃபார்முலா இருக்காமேய்யா? அரை நிமிஷத்துல எல்லாம் மாறிடுமாமே?" என்றார் செயலாளர்.

"மாறும் சார். இந்தா பாருங்க, முருகன் கே ஆர். கே-ன்னா கோட்டூர், ஊரு. ஆர்-ன்னா ராமசாமி, அப்பா. நடுவுல இடம் விடாம அடிச்சிருக்கறதால ஃபார்முலாவுக்கு அது ரெண்டும் சேந்து ஒரே வார்த்தை. முதல் எழுத்தைப் பெருசாக்கிட்டு அடுத்ததைச் சின்னதாக்கிடுச்சு. ஊரு நிமிந்து நிக்குது, அப்பா குனிஞ்சு நிக்கிறாரு."

"செத்தவரு குனிஞ்சா என்ன, நிமிந்தா என்ன?"

"அவருக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த ஒரு எழுத்துதான் சார்."

அன்றிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கையாலேயே திருத்தத் தொடங்கினார். அதிலும் ஒரு சிக்கல். 'டி எச்' என்றிருந்தால் அது ஒருவருக்கு ஊரும் அப்பாவும். இன்னொருவருக்கு இரண்டும் சேர்ந்து தங்கராசு என்கிற ஒரே அப்பா. ஆளைக் கேட்டால்தான் தெரியும். கேட்டார். யூரியா வாங்க வந்தவர்களை மூட்டையோடு நிறுத்திக் கேட்டார். நடவு வயலில் முழங்கால் சேற்றில் நின்றவரை வரப்பிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார். குரல் வேறு மைக் செட் மாதிரி. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள், "அப்பன் பேரு தெரியாதாண்ணே உனக்கு? யோசிச்சுச் சொல்லு!" என்று சிரித்து மாய்ந்தார்கள்.

கோவிந்தராசு என்ற உறுப்பினர் இறந்துபோனார். ஷிப்ட்டு சார் மாலையோடு போனார். மாலையைப் போட்டார், கும்பிட்டார், அழுதுகொண்டிருந்த மகன் காதில் குனிந்தார்.

"தம்பி, உங்க தாத்தா பேரு டி-யா, பி-யா?"

"ஏங்க, கேக்குற நேரமாங்க இது?"

"நாளைக்கு லிஸ்ட்டுலேர்ந்து அப்பா பேரை எடுத்துடுவாங்க தம்பி. ஒரு நாளாவது சரியா இருந்துட்டுப் போகட்டுமே."

பறைச் சத்தத்தில் மகன் ஏதோ சொன்னான். இவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தார்.

ஊரே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. என் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் எந்த எழுத்தும் கிடையாது. என் அப்பா யார் என்று அம்மா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்து அடுத்த பள்ளிக்கூடத்தில் சேரப் போனபோது அந்த எழுத்தைக் கேட்டார்கள். அத்தோடு என் படிப்பு முடிந்தது.

பட்டியல் ஆங்கில வரிசையில் இருந்தது. நான் கிடங்கிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு எண்ணினேன். கணேசன் ஆயிற்று. முருகன், பக்கிரி, ராசேந்திரன் ஆயிற்று. டீ குடிக்கப் பின்வாசலால் போனேன். இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்தும் பார்த்தேன். பட்டியலுக்குக் காய்ச்சல் வரவில்லை.

மூன்றாம் நாள் கவுண்டரில் நாற்பது பேர் நிற்கும்போது கூப்பிட்டார்.

"செல்வம்!"

போய் நின்றேன். அவர் திரையைப் பார்த்தார். அதில் என் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர், "என்ன சார், இவன் அப்பனையும் தேடணுமா?" என்றார்.

"அதெல்லாம் இல்லண்ணே. மூட்டை ஒண்ணு கிழிஞ்சு கிடக்கு. வா செல்வம், காட்டுறேன்."

கிடங்கில் எந்த மூட்டையும் கிழியவில்லை. அவருக்கு மெதுவாகவும் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

"அம்மா பேரு என்னய்யா?"

"மாரியாயி."

"அம்மா எழுத்தே போட்டுக்கலாம், கவர்மெண்ட்டே ஒத்துக்குது. போடவா?"

தலையாட்டினேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. போகும்போது சத்தமாக, "மூட்டையை ஒழுங்கா அடுக்குய்யா!" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி ஒரு அதட்டல்.

பட்டியல் முடிய ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் செயலாளருக்கு மேலிடத்திலிருந்து இரண்டு முறை திட்டு விழுந்திருந்தது. ஷிப்ட்டு சாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று மொத்தப் பட்டியலுக்கும் ஃபார்முலாவைப் போட்டு அனுப்பினார். அரை நிமிஷம்தான்.

அட்டைகள் வந்தன. கோட்டூர் நிமிர்ந்து நின்றது; ராமசாமி குனிந்து நின்றார். வரிசையாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒற்றை எழுத்தை அந்த ஃபார்முலாவால் சின்னதாக்க முடியாதாம். அம்மா அப்படியே நின்றாள்.

எண்ணூறு பேரிடம் அப்பா பெயர் கேட்ட மனிதரிடம் அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்கேயாவது பார்த்தால் நான் கேட்பேன். கூட்டத்தில் அல்ல, ஓரமாகக் கூப்பிட்டு.