மாப்பிள்ளை படித்த வகுப்பு

காரிலிருந்து இறங்கும்போதே மாப்பிள்ளை தப்பிக்க வழி தேடினார். மூடிக் கிடக்கும் அந்த மாளிகைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் அவர் ஜென்மத்தில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. படித்ததெல்லாம் சந்தைக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கட்டடத்தில்.

பெண் பார்க்கப் போன அன்று, "நான் அந்தப் பெரிய ஸ்கூல்ல படிச்சவன்" என்று மாமனார் பெருமையடிக்க, "நானும் அங்கதாங்க" என்று இவரும் அள்ளிவிட்டிருந்தார். அந்த ஒரு வார்த்தையில் கல்யாணமே முடிவாகிவிட்டது. குட்டு உடைந்தால் புது மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது?

இரண்டு பேரும் படித்த பள்ளிக்கூடத்தை இடிப்பதற்குள் ஒரு தடவை பார்த்தே ஆகவேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்ததால் வந்த வினை இது.

முன்வாசல் முழுக்க முள்செடி. மாமனார், மாமியார், மனைவி, மாப்பிள்ளை நால்வரும் சுற்றிக்கொண்டு போய்ப் பின்சுவரின் உடைசல் வழியாக நுழைந்தார்கள். மரங்களுக்கு நடுவே நீளமாக ஒரு பழைய கட்டடம் தெரிந்தது.

"இதுவா?" என்றார் மாமியார்.

மாமனார் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டால் பிழைத்தோம் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. "இதேதான் அத்தை. எங்க கிளாஸ் இங்கதான்."

மாமனார் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தார் மாப்பிள்ளை.

"ஆமாமா," என்றார் மாமனார். "இதேதான்."

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. உள்ளே, நடைபாதையை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் நெஞ்சுயரத்துக்கு ஒரு மரக்கதவு.

"என்னங்க, கிளாஸ்னா பெஞ்சு இருக்காதா?" என்று மனைவி கேட்டாள்.

"பெஞ்சா? இங்க ஆளுக்கு ஒரு ரூம். பக்கத்துல இருக்கறவனைப் பார்த்து எழுதக் கூடாதுல்ல?"

"கதவு ஏன் பாதிதான் இருக்கு?"

"ஹெட்மாஸ்டர் வெளிய நடந்துக்கிட்டே எட்டிப் பார்ப்பாரு," என்றார் மாமனார். "அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு நடுங்கும்."

மாமியார் அசந்துபோனார். மாப்பிள்ளையும்தான். கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டதெல்லாம் பலிக்கிறதே!

"அறைக்கு அறை எதுக்குத் தொட்டி?"

"லேபும் இங்கயேதான் அத்தை. கெமிஸ்ட்ரிக்குத் தண்ணி வேணுமே."

"என் சட்டை அந்தத் தொட்டிகிட்டதான் ஆசிட் பட்டு ஓட்டையாச்சு," என்றார் மாமனார். மனுஷனுக்கு என்ன ஞாபகசக்தி என்று மாப்பிள்ளை ஓர் அடி பின்வாங்கினார். நிஜமாகப் படித்தவர். எந்த நிமிஷமும் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்கிவிடலாம்.

அதற்குள் மனைவியே மடக்கினாள். "உங்க ரூம் எது?"

மாப்பிள்ளை எதிரே இருந்ததைக் காட்டினார். விடுவாரா மாமனார்? "எனக்கு அதுக்குப் பக்கத்து ரூம்," என்றார்.

"அப்படியா? ரெண்டு பேரும் உள்ள போய் நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துடலாம்."

இருவரும் போய் நின்றார்கள். படம் அழகாக வரட்டும் என்று மனைவி இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினாள். வெளியே இருந்த கொண்டிகள் டக் டக்கென்று விழுந்தன. படம் எடுத்தாயிற்று. கொண்டிதான் எழவில்லை. துருப்பிடித்து, பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பதுபோல் உட்கார்ந்துகொண்டது.

தாயும் மகளும் இழுத்துப் பார்த்துக் கை சிவந்தார்கள். மாப்பிள்ளை ஏறிக் குதிக்கப் பார்த்தார். பேன்ட் கிழியும் சத்தம் கேட்டதும் இறங்கிவிட்டார்.

"கொண்டி வெளிய இருக்கே. அப்போ நீங்கல்லாம் எப்படித்தான் வெளிய வருவீங்க?" என்றார் மாமியார்.

"மணி அடிச்சதும் வாத்தியார் வந்து திறந்துவிடுவாரு அத்தை," என்றார் மாப்பிள்ளை, பின்பக்கக் கிழிசலைக் கையால் மறைத்துக்கொண்டு.

"வரிசையாத் திறந்துவிடுவாரு," என்று பக்கத்து அறையிலிருந்து மாமனாரும் ஒத்துப்பாடினார்.

மனைவி வெளியே ஓடிப்போய்க் குரல் கொடுத்தாள். எங்கிருந்தோ காவல்காரர் வந்தார். கதவுகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு தலைகளையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே," என்றாள் மனைவி. "ரெண்டு பேருமே இந்த ஸ்கூல்ல படிச்சவங்க. இது எங்க வீட்டுக்காரர் கிளாஸ். அது எங்கப்பா கிளாஸ். பழைய ஞாபகத்துல உள்ள போய் மாட்டிக்கிட்டாங்க."

காவல்காரர் இந்தத் தலையைப் பார்த்தார். அந்தத் தலையைப் பார்த்தார். பிறகு ஒரு கல்லை எடுத்துக் கொண்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"பள்ளிக்கூடம் நடந்தது முன்னாடி இருக்கற மாளிகையிலம்மா. இங்க குதிரைங்களைத்தான் கட்டி வச்சிருந்தாங்க."